டெக்சி மேல் வந்த பனிப்பலகை

என் தங்கச்சி சுவிட்சர்லாந்திலிருந்து அழுதுகொண்டே சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். அவளுடைய துணிப்பெட்டி வரவில்லை. பனியில் சறுக்குகிற பலகை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்கள் குடும்ப ராசியே இப்படித்தான். வேண்டியது வழியில் எங்காவது நின்றுவிடும், வேண்டாதது வாசல்வரை வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் அப்பா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு புந்தோங்குக்கு வந்து, ஒரு பலகைக் கம்பெனியில் ஜாகாவாகக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை வேலை முடிந்து வந்தவர் வீட்டு வாசலிலேயே சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? கடல் தாண்டி இருந்தவள் ஒருத்திதான். அவளுக்குத் தந்தி கொடுத்தேன்.

தங்கச்சி இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பு படித்து அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். தந்தி போனபோது அவள் அங்கே இல்லை. கூட வேலை செய்கிற பெண்களோடு லீவு எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கே போன் போட்டுச் சொல்ல, மலையிலிருந்து இறங்கியவள் நேராக ஏரோப்ளேன் ஏறிவிட்டாள். பலகையை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது, எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட நேரமில்லையாம். கையில் இருந்ததையெல்லாம் கௌண்டரில் போட்டுவிட்டாள்.

நானும் பக்கத்து வீட்டு டெக்சிக்கார அண்ணனும் அவளைக் கூட்டிவரப் போயிருந்தோம். எல்லாருடைய பெட்டியும் வந்து தீர்ந்த பிறகு, பக்கத்துக் கதவு வழியாக ஒரு ஆள் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு நீளப் பையைத் தோளில் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தார். தங்கச்சி அந்த வெக்கையில் பஞ்சு வைத்த தடிச் சட்டையோடு நின்றாள். தோளில் ஒரு ஜோடி சப்பாத்து தொங்கியது. ராட்சசன் காலுக்குச் செய்தது போல இருந்தது அது. கஸ்டம்ஸ்காரர், மலாய்க்காரர், நல்ல மனுசன். பையைத் திறந்து பார்த்துவிட்டு, தைப்பூசக் காவடிக்குக் கொண்டுவந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். இது பனிக்கு என்று அவள் மலாயில் சொன்னதும் வெளியே அடிக்கிற வெயிலை ஒரு தரம் பார்த்தார். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். அப்பா சாகக் கிடக்கிறார், இவள் விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று. நான் கொஞ்சம் வாய்க்காரி. ஆனால் அவள் என்னைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு என் தோளில் விழுந்தாள் பாருங்கள், கேட்க நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அப்பா இருக்காரா என்றுதான் முதலில் கேட்டாள். இருக்காரு, வா என்றேன்.

பை டெக்சிக்குள் அடங்கவில்லை. அண்ணன் அதைக் கூரைமேல் வைத்து மணிலாக் கயிற்றால் கட்டினார். தாப்பா பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பையின் ஒரு முனை ஏரோப்ளேனிலேயே கிழிந்திருந்தது. பலகை நனைந்தால் கெட்டுப்போய்விடும் என்று அண்ணனே முடிவு செய்துகொண்டு, கோயிலுக்குப் போனால் உடுத்த வண்டியில் வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்து அதைத் தலைமுதல் கால்வரை சுற்றிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எங்களில் ஒருத்தருக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா கண் திறந்தார். பேச்சு வரவில்லை. நல்ல கையால் அவளுடைய தடிச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தோம். அவள் முகம் அழுது அழுது வீங்கிவிட்டது. எனக்கும் தலை அவிழ்ந்து கிடந்தது. அப்படியே புந்தோங்குக்கு வந்தோம்.

எங்கள் தெரு அப்போது எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மனுசன் இழுத்துக்கொண்டு கிடக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து டெக்சி ஒன்று மெல்ல வருகிறது. மேலே வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு நீளக் கட்டைகள். உள்ளேயிருந்து மூத்த மகள் தலைவிரிகோலமாக இறங்குகிறாள், சீமையிலிருந்து வந்த இளையவள் முகம் வீங்க இறங்குகிறாள். பாடை கட்டச் சாமான் வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா கையில் இருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார். அது போதாதா? அடுத்தடுத்த வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்திருந்தார். ஈரத் தலையோடு வெளியே ஓடிவந்தவர் டெக்சி மேல் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். அப்படியே கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிரோடதான் இருக்காரு! அது விளையாட்டுச் சாமான்லா!" என்று நான் போட்ட சத்தம் முருகன் கோயில்வரை கேட்டிருக்கும். ஒப்பாரி நின்றது. எதிர்வீட்டு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை முன்னாலேயே சொல்றதுக்கென்ன என்று என்னையே திட்டினார். டெக்சிக்கார அண்ணன் வேட்டியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனவர், அன்று முழுக்க வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் அம்மா முகத்தில் போன ரத்தம் திரும்பி வரவே இல்லை. பலகையை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். கொட்டகைக்குப் பின்னால், கோழிக்கூட்டுப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது சுவிட்சர்லாந்துப் பலகை.

அப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒருநாள் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தெருவில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னேன். பாதி வாய்தான் அசைந்தது, ஆனாலும் சிரித்தார். தங்கச்சியைப் பார்த்து, "எனக்குப் பாடையக் கையோடயே கொண்டாந்துட்டியாமா?" என்றார். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பாடை என்றுதான் பேர். பாடையை வெயிலில் வைத்தியா, பாடைமேல் கோழி ஏறிடுச்சு என்று பேசுவோம். அம்மா மட்டும் அந்தப் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் நடக்கப் பழக வேண்டியிருந்தது. வலது கையில் பிடிப்பே இல்லை. மூங்கில் தடி கொடுத்தால் நழுவி விழுந்துவிடும். தங்கச்சி யோசித்தாள், பின்பக்கம் போய் அந்தப் பையிலிருந்து இரண்டு குச்சிகளைக் கொண்டுவந்தாள். பனியில் ஊன்றிக்கொண்டு போகிற குச்சியாம். அடியில் ஒரு வளையம், மேலே தோல் வார். வாரை மணிக்கட்டில் மாட்டிவிட்டால் கை விட்டாலும் குச்சி விழாது. அப்பா இரண்டையும் ஊன்றிக்கொண்டு அறையிலிருந்து வாசலுக்கு வந்தார். மறுவாரம் எதிர்வீடுவரை. பிறகு கைலியும் பனியனுமாக, அந்தப் பளபளா குச்சிகளோடு தெருமுனைக் கோப்பிக் கடைவரை போய்வர ஆரம்பித்தார். கடைச் சீனன் அவருக்கென்று ஒரு நாற்காலியை வாசல் பக்கமே போட்டுவைத்தான். பனி எப்ப விழும் என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கிண்டல் செய்வான். சாயங்காலம் விழும், போர்வை எடுத்துக்க என்பார் அப்பா.

இதற்குள் அம்மா ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். குனோங் ராபாட்டிலிருந்து ஒரு பையன், அரசாங்க ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சிக்குத்தான் மனசில்லை. அவள் வேலை அங்கே, சிநேகிதர்கள் அங்கே. அந்த மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் முகமே வேறாகிவிடும். அப்பா தேறிவிட்டார், நான் போகிறேன் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அந்தப் பாடையத் தூக்கிட்டுப் போறதுன்னா போ. திரும்ப இந்த வீட்டுப் படிய மிதிக்காத."

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசினார்கள். சோறு ஆறுதுன்னு அவகிட்ட சொல்லு. பசிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லு. நான் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தேன், ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள், எனக்கு வேறு வேலையே இல்லையா? ஒருநாள் பொறுக்க முடியாமல், நான் என்ன தபால்காரியா என்று இருவரையும் சேர்த்துவைத்துக் கத்தினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான் பார்த்தேன், தாயும் மகளும் அச்சு அசல் ஒன்று. எனக்கு அழுகைதான் வந்தது. இப்படியே ஏரோப்ளேன் ஏறிவிட்டாளானால் இந்த இரண்டு வைராக்கியக்காரிகளும் செத்தாலும் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா இதில் வாயே திறக்கவில்லை. ஆனால் நடை மட்டும் கூடிக்கொண்டே போனது. கோப்பிக் கடையோடு திரும்பாமல் பசார்வரை போனார். வேர்த்து ஒழுக வந்து உட்காருவார், மறுபடி எழுந்துவிடுவார். எதுக்குப்பா இப்படி உடம்பை வருத்திக்கிறீங்க என்று கேட்டேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் நல்லா நடந்துட்டா அவ போயிறலாம்லா."

அவள் போவதில் அவருக்கு மட்டும் சந்தோஷமா? அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் போய் நின்று பார்த்துவிட்டு வருவதை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் அப்பா அந்தப் பலகைமேல் எப்படித்தான் நிற்பது என்று காட்டச் சொன்னார். தங்கச்சி வீட்டுக்கு முன்னால் சிமிண்டுத் தரையில் பலகைகளைப் போட்டு, ராட்சசச் சப்பாத்தை மாட்டி, அதில் பூட்டிக்கொண்டு நின்றாள். தெருவே கூடிவிட்டது. ஓடு ஓடு என்றார்கள். சிமிண்டில் எப்படி ஓடுவது? அவள் சட்டென்று பக்கவாட்டில் விழுந்தாள். எல்லாரும் பதறிப்போனோம். வேண்டுமென்றுதான் விழுந்தாளாம். முதல்நாள் அங்கே சறுக்கக் கற்றுக்கொடுக்க மாட்டார்களாம். விழுவதற்கும் எழுவதற்கும்தான் பாடம். காலில் இவ்வளவு நீளப் பலகையோடு சும்மா எழ முடியாது, இரண்டு குச்சியையும் ஊன்றித்தான் எழ வேண்டும் என்று சொல்லி, ஊன்றி எழுந்து காட்டினாள். அம்மா உள்ளே சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்ததை நான் கவனித்தேன். பிறகு மறுபடி கேட்டது, முன்னைவிட வேகமாக.

போகிற நாள் வந்தது. கிழிந்த பையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பலகையும் குச்சியும் ஒரே கட்டாக இருந்தால்தான் கௌண்டரில் ஒரு சாமானாக எடுத்துக்கொள்வார்கள், சப்பாத்து தனி என்று தங்கச்சி சொன்னாள். அந்த ஊர் விமான நிலையத்தில் இப்படி நீளப் பையோடு வரிசையாக ஆட்கள் நிற்பார்களாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம், நாம் குடை கொண்டு போகிற மாதிரியாம். நான் தடித் திரைத்துணி வாங்கிவந்து உறை தைத்தேன். பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்ட துணி. இதைப் பார்த்தும் எவளாவது ஒப்பாரி வைத்தால் அவளுக்குக் கண்தான் சரியில்லை.

இரண்டு குச்சியில் ஒன்றைத் தங்கச்சி அப்பாவுக்கே கொடுத்துவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஒன்று போதும் எனக்கு, அங்கே இன்னொன்று பார்த்துக்கொள்வேன் என்று அவர் மணிக்கட்டில் வாரை மாட்டிவிட்டாள். உறையில் அந்தக் குச்சி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. சும்மா போவானேன் என்று மசாலாத் தூள், நெத்திலி, முறுக்கு எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி அதில் நான் திணித்தேன். சப்பாத்துக்குள்ளும் தூள்தான்.

அம்மா வரவில்லை என்றார். டெக்சி வாசலில் வந்து நின்றது, அண்ணன் கூரையில் பையைக் கட்டினார், அப்பா ஏறி உட்கார்ந்தார். இவர் வழியில விழுந்தா யாரு பாக்குறது என்று சொல்லிக்கொண்டே அம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறிவிட்டார். சுபாங்வரை திரும்பியே பார்க்கவில்லை. தஞ்சோங் மாலிமில் சாப்பிட நிறுத்தியபோது, அவளுக்கு இன்னொரு முட்டை வைக்கச் சொல் என்று என்னிடம்தான் சொன்னார்.

கௌண்டரில் இருந்த சீனப் பெண் பூப்போட்ட பையைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எடை கூடுதல். ஏதாவது எடுத்தால்தான் போகும். தங்கச்சி பையை அவிழ்த்து, எதை எடுப்பது என்று தெரியாமல் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அம்மா நடந்து போனார். மகளிடம் இல்லை, அப்பாவிடம். அவருடைய மணிக்கட்டிலிருந்து வாரைக் கழற்றினார். குச்சியை வாங்கிக்கொண்டு வந்து, தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பார்த்துப் பார்த்துத் திணித்த மசாலாப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக உருவி என் மடியில் போட்டார். அந்த இடத்தில் குச்சியை நுழைத்து, நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ஒரு குச்சிய வச்சிக்கிட்டு அங்க எப்படி எந்திரிப்ப?"

அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மா அவள் தலையை ஒரு தரம் தடவினார், பெருவிரலால் அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் போலச் சிடுசிடுப்பாகவே சொன்னார்:

"அடுத்த தடவ வர்றப்ப இந்த உறையிலயே போட்டுக் கொண்டா. வெள்ளத் துணி வேணாம்."

அடுத்த தடவ. அந்த வார்த்தையைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. தங்கச்சி எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கௌண்டர்ப் பெண் பையில் அட்டையைக் கட்டினாள். நீளச் சாமான் என்பதால் ஒரு ஆள் வந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாகப் போனார். சிவப்புப் பூக்கள் கதவுக்குப் பின்னால் மறைகிறவரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் உள்ளே போன பிறகு அப்பா ஊன்ற எதுவும் இல்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கைகொடுக்கப் போனேன். அம்மா என்னை விலக்கிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். எங்கள் வீட்டில் அப்பா முன்னால் போவார், அம்மா நாலடி பின்னால் போவார். தோட்டத்துக் காலத்திலிருந்து அப்படித்தான், கோயிலுக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. அன்றைக்கு அம்மா, என் தோளப் புடிச்சிக்குங்க என்றார். அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார், கொஞ்சம் வெட்கப்பட்டார், பிறகு அந்த வலுவில்லாத கையை அம்மா தோளில் வைத்தார். மசாலாப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு நான் பின்னால் வந்தேன். டெக்சிவரை அவர்கள் இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.